மூன்று பேர் ஏழு பேர் ஆகும்போது

பிராடக்ட் மார்க்கெட்டிங்கில் ஒரே ஆள் இருக்கும்வரை பிராசஸ் என்ற பேச்சே எழாது. எந்த ஃபீச்சர் எப்போது வெளியாகிறது, வெப்சைட்டில் என்ன எழுத வேண்டும், சேல்ஸ் டெக்கில் எந்த ஸ்லைடு பழசாகிவிட்டது, போன வாரம் நம்மிடம் வராமல் போன வாடிக்கையாளர் என்ன காரணம் சொன்னார், எல்லாம் ஒருவர் மண்டைக்குள் இருக்கும். அவரைக் கேட்டால் போதும். இரண்டாவது ஆள் வந்தாலும் சமாளிக்கலாம், பக்கத்து நாற்காலிதானே. நான்காவது, ஐந்தாவது ஆள் வந்த பிறகுதான் ஒரே கேள்விக்கு மூன்று பேரிடமிருந்து மூன்று பதில் வர ஆரம்பிக்கும்.

ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975-இல் எழுதிய ‘தி மிதிகல் மேன்-மந்த்’ புத்தகத்தில் இதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறார். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் பேசியாக வேண்டும் என்றால் 3 பேருக்கு 3 இணைப்பு, 5 பேருக்கு 10, 7 பேருக்கு 21. அவர் எழுதியது புரோகிராமர்களைப் பற்றி. பிராடக்ட் மார்க்கெட்டிங்குக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். நமக்குள் பேசிக்கொள்வது நம் வேலையில் பாதிதான். மீதிப் பாதி பிராடக்ட் மேனேஜர்கள் (பி.எம்.கள்), சேல்ஸ், சப்போர்ட், டிசைன் என்று வெளியே ஓடுகிறது. அந்தப் பக்கமும் ஆட்கள் கூடிக்கொண்டே இருப்பார்கள்.

நான் இருப்பது சென்னையில், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் கம்பெனியில். எங்கள் பிராடக்ட் மார்க்கெட்டிங் (பி.எம்.எம்.) டீம் மூன்று பேரிலிருந்து ஏழு பேராக வளர்ந்தபோது எதையெல்லாம் எழுதி வைத்தோம், எந்த வரிசையில் வைத்தோம், ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஓ.எம்.ஆரில் காபி குடிக்கும் இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. இந்த ஊரில் 1996-இல் தொடங்கிய ஜோஹோவும், 2010-இல் தொடங்கி 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃபிரெஷ்வொர்க்ஸும் ஒரு தலைமுறை பிராடக்ட் ஆட்களை உருவாக்கிவிட்டன. ஆனால் பி.எம்.எம். வேலைக்கு வருகிறவர்கள் இன்னமும் கன்டென்ட், சப்போர்ட், பிரீ-சேல்ஸ் என்று வெவ்வேறு வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். ஆளாளுக்கு ஒரு பழக்கத்தோடு வருவார்கள். அதனால் எழுதி வைப்பது இங்கே கூடுதல் அவசியம்.

எதை முதலில் எழுதுவது என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. பெரும்பாலான டீம்கள் முதலில் வேலைப் பட்டியலை எழுதுகின்றன. லாஞ்ச் செக்லிஸ்ட் என்று ஒரு ஷீட், அதில் அறுபது வரிசை: பிளாக் போஸ்ட், ஈமெயில், வீடியோ, சேல்ஸ் டிரெயினிங், ஹெல்ப் பக்கம். புதிதாக வந்தவர் அதைத் திறந்து முதல் வரிசையிலிருந்து டிக் போட ஆரம்பிப்பார். வீடியோ எப்படி எடுப்பது என்பது யாருக்கும் சிக்கல் இல்லை. இந்த ஃபீச்சருக்கு வீடியோ தேவையா என்பதுதான் சிக்கல், அதை ஷீட் சொல்லாது. டீம் சின்னதாக இருந்தபோது அந்த முடிவை அனுபவசாலி ஒருவர் நொடியில் எடுத்தார். டீம் வளரும்போது முதலில் எழுத வேண்டியது அவர் அந்த நொடியில் என்ன யோசித்தார் என்பதை. செக்லிஸ்ட் அதற்குப் பிறகு தானாக வரும்.

இதற்கு ஒரு பழைய முன்னோடி இருக்கிறது. 1931 மே 13 அன்று பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் மூன்று பக்க மெமோ ஒன்று எழுதினார். அவர் கவனித்துக்கொண்டிருந்தது கேமே சோப்பின் விளம்பரம். அதே கம்பெனியின் ஐவரி சோப்புக்குக் கிடைத்த கவனம் கேமேவுக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பிராண்டுக்கும் தனியாக ஆட்கள் வேண்டும் என்று கேட்டு எழுதிய மெமோ அது. ஆள் கேட்டு எழுதும் கடிதங்களில் வேலைப் பளுவைப் பற்றித்தான் வழக்கமாகப் புலம்பல் இருக்கும். இவரோ, வரப்போகும் ஆள் எப்படி யோசிக்க வேண்டும் என்று எழுதினார்: சரக்கு நன்றாகப் போகும் பகுதியில் என்ன வேலை செய்தது என்று பார், அதைப் போகாத பகுதிகளில் பயன்படுத்து, போகாத இடத்துக்கு நேரில் போய்க் கடைக்காரர்களிடமும் வாங்குகிறவர்களிடமும் பேசிக் காரணத்தைக் கண்டுபிடி, பிறகு திட்டம் போடு, அதற்குப் பொறுப்பேற்றுக்கொள். பிராண்ட் மேனேஜ்மென்ட் என்ற துறையே இந்த மெமோவிலிருந்து பிறந்தது என்று சொல்வார்கள். எழுதியவர் பின்னாளில் அதே கம்பெனியின் தலைவராகி, 1957-இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். டீமுக்கு ஆள் கேட்டு நிதி ஒப்புதலுக்கு எழுதப் போகும் ஒவ்வொருவரும் இந்த மெமோவை ஒரு தடவை படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எங்கள் டீமில் முதலில் எழுதியது லாஞ்ச் அளவு. வெளியாகும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆரவாரம் செய்ய முடியாது, செய்தால் வாடிக்கையாளர் நம் மெயிலைத் திறப்பதையே நிறுத்திவிடுவார். பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று அளவு வைத்தோம். பெரியது என்றால் முழு டீமும் இறங்கும். நடுத்தரத்துக்கு ஒரு பி.எம்.எம்., ஒரு பிளாக், ஒரு மெயில், சேல்ஸுக்கு ஒரு பக்கக் குறிப்பு. சின்னது ரிலீஸ் நோட்டில் ஒரு பத்தியோடு முடிந்தது. இது ஊரறிந்த முறைதான், எல்லாக் கம்பெனியிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். எதை எந்த அளவில் போடுவது என்று யார், எப்படித் தீர்மானிப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நாங்கள் மூன்று கேள்வி கேட்கிறோம். இதனால் வாடிக்கையாளரின் அன்றாட வேலையில் ஏதாவது மாறுமா? இது இல்லாததால் சேல்ஸ் இழந்த டீல்கள் உண்டா? வெளியே ஏதாவது கெடு நம்மைத் துரத்துகிறதா? சட்டம், சீசன், போட்டியாளர், எதுவாகவும் இருக்கலாம். எத்தனை ஸ்பிரிண்ட் செலவானது என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை. அது தற்செயலாக விடுபட்டதில்லை, யோசித்துத்தான் எடுத்தோம்.

அது ஏன் என்பதற்கு இ-இன்வாய்ஸ் நல்ல உதாரணம். ஜி.எஸ்.டி.யில் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று ஆரம்பித்தபோது ஆண்டு விற்றுமுதல் 500 கோடியைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான். பிறகு 100, 50, 20, 10 கோடி என்று படிப்படியாக இறங்கியது. 2023 மே 10 அன்று அடுத்த அறிவிப்பு வந்தது: ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களும் உள்ளே. மென்பொருளைப் பொறுத்தவரை புதிதாக எழுத ஒன்றுமில்லை. பில்லை அரசுப் போர்ட்டலுக்கு அனுப்பி, ஐ.ஆர்.என். என்ற பதிவு எண்ணும் கியூ.ஆர். கோடும் வாங்கி அச்சிடும் வசதி ஏற்கெனவே தயார். ஸ்பிரிண்ட் கணக்கில் பார்த்தால் இது பூஜ்யம், ரிலீஸ் நோட்டில்கூட இடம் கிடைக்காது. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் 5 கோடிக்கும் 10 கோடிக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். ஐ.ஆர்.என். இல்லாத பில் சட்டப்படி பில்லே இல்லை, வாங்கியவருக்கு இன்புட் கிரெடிட் கிடைப்பது சிக்கலாகும், அவர் பேமென்ட்டை நிறுத்துவார். முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் ‘ஆம்’. ஒரு வரி கோட் இல்லாமல் அந்த ஆண்டின் பெரிய லாஞ்ச் அதுதான் ஆனது.

அதில் நாங்கள் ஃபீச்சரைப் பற்றிப் பேசவே இல்லை. ‘இது உங்களுக்குப் பொருந்துமா?’ என்று ஒரு பக்கம் போட்டோம். சப்போர்ட்டுக்கு வந்த அழைப்புகளைக் கேட்டதில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வந்தது: “போன வருஷம் நாங்க நாலு கோடிதாங்க பண்ணோம், எங்களுக்கு வராதுல்ல?” விதி அப்படி இல்லை. 2017-18 முதல் எந்த நிதியாண்டிலாவது 5 கோடியைத் தாண்டியிருந்தால் போதும், உள்ளே வந்துவிடுவார்கள். கோவிடுக்கு முன்னால் நன்றாக ஓடி, பிறகு சரிந்த எத்தனையோ நிறுவனங்கள் இதில் மாட்டின. அந்த ஒரு பத்தியைத்தான் மெயிலின் தலையில் வைத்தோம். ஆடிட்டர்களுக்கென்று தனியாக வெபினார் வைத்தோம். சிறு தொழிலில் இருப்பவர் மென்பொருள் கம்பெனி சொல்வதைவிட ஆடிட்டர் சொல்வதைத்தான் நம்புவார், நம்புவதும் நியாயம். புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர்தான் அந்த வெபினாரை முழுக்க நடத்தினார். அளவைத் தீர்மானிக்கும் கேள்விகள் எழுத்தில் இருந்ததால், இது ஏன் பெரியது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. எஞ்சினியர்கள் மாதக்கணக்கில் உழைத்து ரிப்போர்ட் எஞ்சினை முழுசாக மாற்றி எழுதுவார்கள். உள்ளே அது பெரிய சாதனை. வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். அப்போது ஒரு பி.எம். வந்து கேட்பார்: “பசங்க அவ்வளவு உழைச்சிருக்காங்க, ஒரு பிளாக்கூடக் கிடையாதாங்க?” அந்தக் கேள்வியில் இருக்கும் ஆதங்கம் உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உழைப்புக்கு மரியாதை செய்வது ஒரு வேலை, வாடிக்கையாளருக்குச் செய்தி சொல்வது வேறொரு வேலை. இரண்டும் ஒரே வாசலில் நிற்கும்போதுதான் சண்டை வருகிறது. அதனால் கம்பெனி முழுவதும் கூடும் மாதாந்திரக் கூட்டத்தில், உள்வேலைகளை எஞ்சினியர்களே மேடையேறிக் காட்டுவதற்கு ஒரு பகுதி ஒதுக்கச் சொன்னோம். அதற்கான ஸ்லைடுகளைச் செய்து கொடுப்பது பி.எம்.எம். டீம். அது வந்த பிறகு லாஞ்ச் அளவு பற்றிய வாக்குவாதம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

அளவுக்கு அடுத்து தேதி. எங்கள் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் சில நாட்கள் சிவப்பு. மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 கெடு 11-ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்.-3பி கெடு 20-ஆம் தேதி. அந்த நாட்களை ஒட்டி எந்த அக்கவுன்டன்ட்டும் நம் மெயிலைப் படிக்கும் நிலையில் இருக்க மாட்டார். மார்ச் கடைசி வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் திருப்பூர்ப் பக்கம் போனஸ் பட்டுவாடா, அப்போதும் வேண்டாம். இந்தத் தேதிகள் பழைய ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியவை. புதிதாக வந்தவருக்கு, அதுவும் வேறு துறையிலிருந்து வந்தவருக்கு, எப்படித் தெரியும்? காலண்டரில் சிவப்பு அடித்து வைத்தால் தெரியும். உங்கள் வாடிக்கையாளர் ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ என்றால் உங்கள் சிவப்பு நாட்கள் வேறாக இருக்கும். கண்டுபிடித்து அடித்து வையுங்கள், அரை நாள் வேலைதான்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: மெசேஜிங் டாக்.

ஒரே ஃபீச்சருக்கு வெப்சைட்டில் ஒரு பெயர், சேல்ஸ் டெக்கில் இன்னொன்று, ஹெல்ப் பக்கத்தில் மூன்றாவது என்று வளரும் டீம்களில் அடிக்கடி பார்க்கலாம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. மூன்று பேர் மூன்று நாளில் அவசரமாக எழுதியது. டெமோவில் பார்த்த பெயரை வைத்துத் தேடும் வாடிக்கையாளருக்கு ஹெல்ப் பக்கம் அகப்படாது, சப்போர்ட்டுக்கு டிக்கெட் வரும். இதைத் தடுக்க ஒவ்வொரு ஃபீச்சருக்கும் ஒரே ஒரு டாக், அதற்கு ஒரே ஒரு பொறுப்பாளர். மற்ற எல்லா எழுத்தும் அதிலிருந்துதான் கிளம்ப வேண்டும். டாக் முடியும் முன்னால் பிளாக் எழுத ஆரம்பிக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

டாக்கில் ஐந்து கேள்வி. இது இல்லாவிட்டால் வாடிக்கையாளர் இப்போது என்ன செய்கிறார்? நம்மிடம் மட்டும் என்ன இருக்கிறது? அதனால் அவருக்கு என்ன ஆதாயம்? இது யாருக்கு, யாருக்கு வேண்டாம்? எதைச் சொல்லக் கூடாது? முதல் நான்கும் ஏப்ரல் டன்ஃபோர்டு 2019-இல் எழுதிய ‘ஆப்வியஸ்லி ஆசம்’ புத்தகத்தின் பொசிஷனிங் முறையிலிருந்து எடுத்து நாங்கள் சுருக்கிக்கொண்டவை. மாற்று என்ன என்பதில் ஆரம்பிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்துவதற்குப் பலமான காரணம் இருக்கிறது. புதிதாக வரும் பி.எம்.எம். எவரும் அந்த இடத்தில் போட்டிக் கம்பெனிகளின் பெயரை வரிசையாக எழுதுவார். உண்மையான மாற்று பெரும்பாலும் எக்செல் ஷீட்டாக, டேலியாக, இல்லை முப்பது வருஷமாகக் கணக்கு எழுதும் ஒரு பெரியவராக இருக்கும். அந்தப் பெரியவரை மனதில் வைத்து எழுதினால் வாசகமே மாறிவிடும்.

ஐந்தாவது கேள்வி எங்கள் சேர்க்கை. அது வந்த கதையைச் சொல்கிறேன். பாக்கி வசூலுக்கு வாட்ஸப்பில் நினைவூட்டல் அனுப்பும் வசதி ஒன்று தயாரானது. பீட்டாவில் இருந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூரில் பம்ப் செட் தயாரிப்பவர். டாக்கின் பொறுப்பாளர் அவரிடம் பேசும்போது, “நீங்க எதுவுமே செய்ய வேண்டாம் சார், கெடு தாண்டினா தானாவே மெசேஜ் போயிடும்” என்று ஆர்வமாகச் சொன்னார். பம்ப் செட்காரரின் குரலே மாறிவிட்டது. “தானா போகுங்களா? வேண்டாங்க. அந்த டீலரு எங்கப்பா காலத்துல இருந்து சரக்கு எடுக்கறவருங்க. மெஷினு பணம் கேட்டா என்னைத் தப்பா நினைச்சுக்குவாரு.” நாங்கள் எதைப் பெரிய ஆதாயம் என்று நினைத்தோமோ அதுதான் அவருக்குப் பயம். எந்த டீலருக்குப் போக வேண்டும் என்பதை முதலாளி பார்த்துச் சரி சொன்ன பிறகு அனுப்பும் வழியும் அதே வசதியில் இருந்தது, ஆனால் செட்டிங்ஸுக்குள் ஆழத்தில். பி.எம். அதை வெளியே கொண்டுவந்து முதல் திரையிலேயே வைத்தார். டாக்கில் ‘சொல்லக் கூடாதது’ என்று ஒரு இடம் பிறந்து, அதில் முதல் வரியாக ‘தானாகவே போகும்’ ஏறியது. சொல்ல வேண்டியது: ‘யாருக்குப் போக வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.’ அந்த வரி வெப்சைட், டெக், ஹெல்ப் பக்கம் மூன்றிலும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அன்று அந்த அழைப்பில் இல்லாத நான்கு பி.எம்.எம்.கள் பிறகு வந்திருக்கிறார்கள், ஒருவரும் ‘தானாக’ என்று எழுதியதில்லை.

டாக்கின் தலையில் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகப் பார்த்த தேதியும் இருக்கும். தேதி மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் சேல்ஸ் அதைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் செய்கிறார்கள்.

அடுத்து ஒப்புதல். வளரும் கம்பெனியில் ஒரு பக்க அறிவிப்பைப் பதினோரு பேர் பார்ப்பார்கள், பதினோரு பேரும் கமென்ட் போடுவார்கள். ஒருவர் ‘எளிமையாக்கு’ என்பார், இன்னொருவர் ‘டெக்னிக்கலா இல்லையே’ என்பார். நடுவில் இருப்பவர் புதியவர் என்றால் இரண்டையும் திருப்திப்படுத்தப் பார்த்து, எழுத்தில் இருந்த உயிரை எடுத்துவிடுவார். எங்கள் விதி இது: யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், முடிவு டாக் பொறுப்பாளருடையது. பி.எம். பார்க்க வேண்டியது தகவல் சரியா என்பதை மட்டும். வாசகம் அவர் வேலையில்லை. இரண்டு வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு: வரி, சட்டம் சம்பந்தமாக எழுதினால் எங்கள் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் எழுத்தில் ‘சரி’ என்று போடும்வரை அது வெளியே போகாது. எவ்வளவு அவசரமானாலும், கேட்பவர் எவ்வளவு பெரியவரானாலும். நம் பக்கத்தைப் படித்துவிட்டு ஒருவர் ரிட்டர்ன் போடுகிறார். அதில் தப்பு இருந்தால் அபராதம் கட்டுவது அவர்தான்.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடுத்த படங்கள் பழசாகாமல் இருக்க, லாஞ்சுக்கு ஏழு நாள் முன்னால் திரை வடிவம் பூட்டப்படும். அதற்குப் பிறகு ஒரு பட்டனின் நிறம் மாறினால்கூடத் தேதி தள்ளிப்போகும். இதை பி.எம்.கள், டிசைனர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், பேசியே ஒப்புக்கொள்ள வைக்கலாம்.

இழந்த டீல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். சி.ஆர்.எம்.மில் டீலை மூடும்போது காரணம் கேட்டு ஒரு டிராப்டவுன் வரும். ‘விலை அதிகம்’ என்பது அதில் எப்போதும் முதலிடம். சேல்ஸ் ஆட்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வாங்க மனமில்லாதவர் நம்மைப் புண்படுத்தாமல் சொல்லக்கூடிய மரியாதையான காரணம் விலை, அதையே அவர்கள் பதிவு செய்கிறார்கள். அந்த ஷீட்டை நம்பி விலைப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். டீலில் சம்பந்தப்படாத ஒருவர், மூன்று நான்கு வாரம் கழித்து, விற்கும் நோக்கமே இல்லாமல் கூப்பிட்டுப் பேசினால் வேறு கதை வரும். அக்கவுன்டன்ட் அம்மாவுக்கு டேலியின் ஷார்ட்கட் கீகள் விரலில் பழகியிருக்கும், மவுஸைத் தொடவே பிடிக்காது. பழைய டேட்டாவை யார் மாற்றித் தருவார்கள் என்று டெமோவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலாளியின் மகனுக்குப் பிடித்திருக்கும், முதலாளிக்கு இல்லை.

இந்த அழைப்புகளை ஒரு ஆளிடம் ஒப்படைத்து, அவர் மாதம் ஒருமுறை ரிப்போர்ட் போடுவது என்ற ஏற்பாட்டைப் பல இடங்களில் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரிப்போர்ட்டில் அந்த அம்மாவின் குரல் இருக்காது. எங்களிடம் ஒவ்வொரு பி.எம்.எம்.மும் மாதம் நான்கு வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். அதில் ஒருவராவது நம்மை வேண்டாம் என்று போனவராக இருக்க வேண்டும். டீம் லீடுக்கும் இதே கணக்குதான். குறிப்பு எழுதும்போது அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும், நம் சொல்லுக்கு மாற்றக் கூடாது. டீம் வளர வளர முதலில் வெட்டுப்படும் வேலை இதுதான். மீட்டிங் பெருகும், இதற்கு நேரம் இருக்காது. அதனால் இதை மட்டும் பிராசஸ் என்று சொல்லிக் காலண்டரில் பூட்டி வைத்திருக்கிறேன். வேறு எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

யாருக்கு எந்தப் பொறுப்பு என்று பிரிப்பதில் மூன்று வழி உண்டு: பிராடக்ட் வாரியாக, வாடிக்கையாளர் வகை வாரியாக, வேலை வாரியாக. லாஞ்சுக்கு ஒருவர், சேல்ஸ் எனேபிள்மென்ட்டுக்கு ஒருவர் என்று வேலை வாரியாகச் சீக்கிரமே பிரிப்பது தப்பு என்று நினைக்கிறேன். பிராடக்ட்டையும் வாடிக்கையாளரையும் முழுசாக அறிந்த ஆள் அப்போது ஒருவர்கூட இருக்க மாட்டார். ஏழு பேர் வரைக்கும் பிராடக்ட் வாரியாகப் பிரிப்பதே நல்லது. போட்டியாளரை எதிர்கொள்ள சேல்ஸுக்குத் தரும் பேட்டில்கார்டும் அந்தந்தப் பிராடக்ட் ஆளே எழுதட்டும்.

புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரம் எழுத்து வேலை கிடையாது. மூன்று பழைய மெசேஜிங் டாக், சில சேல்ஸ் அழைப்புப் பதிவுகள், சப்போர்ட் டிக்கெட்டுகள். வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, டாக்கில் எந்த இடம் புரியவில்லை, எந்த இடம் அழைப்பில் கேட்டதோடு ஒத்துப்போகவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். அப்போதே திருத்துவோம். உள்ளே ஊறிப்போன எங்கள் கண்ணுக்குத் தெரியாதது அவர் கண்ணுக்குத்தான் தெரியும், அந்தக் கண் ஒரு மாதத்தில் மங்கிவிடும்.

பிராசஸைச் சேர்ப்பதற்கு இருக்கும் உற்சாகம் எடுப்பதற்கு இருப்பதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை ஏழு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்போம்: இதை நிறுத்தினால் யாராவது கவனிப்பார்களா? வாராந்திர ஸ்டேட்டஸ் மெயில் அப்படித்தான் போனது. அதைப் படித்துக்கொண்டிருந்தவர் ஒருவர். அவருக்கு வேண்டிய இரண்டு வரியை இப்போது ஸ்லாக்கில் போடுகிறோம். லாஞ்ச் முடிந்ததும் நிரப்ப வேண்டிய ஒரு நீண்ட படிவமும் போனது. அதற்குப் பதில், லாஞ்ச் ஆன முப்பதாவது நாள் டாக் பொறுப்பாளர் அரைப் பக்கம் எழுதுகிறார்: எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், சேல்ஸ் எந்த வரியைச் சொல்கிறார்கள், எந்த வரியை விட்டுவிட்டார்கள். சேல்ஸ் விட்டுவிட்ட வரி டாக்கிலிருந்தும் பெரும்பாலும் போய்விடும்.

இப்போது கையில் இருப்பது தமிழ். எங்கள் டாக்குகள் இங்கிலீஷில் இருக்கின்றன. ஈரோடு, கரூர், திருப்பூர் பக்கம் சேல்ஸ் பேசுவது முழுக்கத் தமிழில், அதை இதுவரை ஒவ்வொருவரும் தன் சாமர்த்தியத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் அபாரமாகப் பேசுகிறார்கள். வாடிக்கையாளர் சம்மதத்தோடு பதிவான அழைப்புகளைக் கேட்டால், நாங்கள் ஒரு பக்கத்தில் எழுதியதை ஒருவர் அரை நிமிடத்தில் சொல்லி டெமோவுக்கு நேரம் வாங்கிவிடுகிறார். ஆபீஸில் உட்கார்ந்து இங்கிலீஷ் டாக்கைத் தமிழாக்கினால் அந்தப் பேச்சு வராது. அதனால் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறோம்: அழைப்புகளிலிருந்து நல்ல வரிகளை எடுத்து, ஐந்து கேள்விகளுக்கும் அவற்றைக்கொண்டே பதில் எழுதுவது. ஈரோட்டுக்காரர் ஒருவர் எங்கள் டீமில் இருக்கிறார், அவர்தான் பொறுப்பாளர். சரிபார்ப்பது அந்தப் பகுதி சேல்ஸ் ஆட்கள். வசூல் நினைவூட்டலுக்கான முதல் வரைவு கரூரில் இரண்டு பேரிடம் போயிருக்கிறது. ஒருவர் ஏற்கெனவே பாதி வரிகளை அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அடித்த இடத்தில் அவர் எழுதியிருப்பவை எங்களுடையதைவிட நன்றாக இருக்கின்றன. இன்னொருவர் வியாழக்கிழமை தருகிறார்.